கூலியும் கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையத்தருகே அணையில் தங்கி, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வயல்களுக்கு உயிரளிக்கின்றது. மலையில் ஒருவன் மரத்தைக் காத்தால், கீழே முகமறியாத உழவனின் வயல் நனைகின்றது. அக்காவலுக்குப் பொருள் கொடுத்தால் காக்கும் மனம் வளருமா, தேயுமா?

தமிழக அரசு 2021-22 ஆம் ஆண்டில் தொடங்கிய பசுமைப் போர்வைத் திட்டம், உழவர்க்கு மரக்கன்றுகளை இலவசமாக வழங்கி, பிழைத்து நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்றாண்டு ஊக்கத்தொகையும் அறிவித்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் தொகை நின்ற மறுநாள் மரம் நிற்குமா என்பதே வினா.

திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்ய எம்பெருமானாரின் ஆணையை ஏற்றுச் சென்ற அநந்தாழ்வான், மனைவியுடன் ஏரி வெட்டினார். உதவ வந்த சிறுவனிடம் ஒரு கூடை மண்ணையும் கொடுக்க இசைந்தாரில்லை. நாட்கூலிக்கு வெட்டியவராயின் மகிழ்ந்து கொடுத்திருப்பார். கூலியாள் சுமை குறைய விரும்புவான். தொண்டனோ சுமையைப் பங்கிடவும் மனம் பொறான்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில், காப்பகத்திலிருந்து குழந்தைகளை அழைத்துச் செல்லத் தாமதித்த பெற்றோர்க்குத் தண்டம் விதித்தபோது தாமதம் மிகுந்தது. தண்டத்தை நீக்கிய பின்னும் குறையவில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைக் கூறுகின்றது. நாணம் இருந்த இடத்தில் விலை வந்தமர்ந்தது. விலை போன பின்னும் நாணம் திரும்பவில்லை.

அதனால் பொருளே கொடாதிருத்தல் தருமமாகுமோ? ஆகாது. கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். அவர்களிடம் 'ஊதியமின்றித் தொண்டு செய்க' என்று சமவெளியார் உபதேசிப்பது, நீரையும் பெற்றுக்கொண்டு நியாயத்தையும் மறுப்பதாகும்.

நம் திருக்கோயில்கள் காட்டிய வழி ஒன்றுண்டு. நந்தவனம் பேணுவோர்க்கு மானிய நிலம் விட்டனர். அது பூவுக்கு விலையன்று. தொண்டு செய்யும் கை பசியால் தளராதிருக்க அளித்த ஆதாரம். வேடந்தாங்கலிலும் பறவைகளைக் காத்த ஊரார் கேட்டது கூலியன்று. பறவைக்கு ஊறு நேராமல் காக்கும் உரிமையை, 1798 ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் பிளேஸிடம் பெற்றனர். பறவை எச்சத்தால் வளமுற்ற ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று.

ஆகவே கொடுப்போர் விலையாகக் கொடாமல் மரியாதையாகக் கொடுக்கட்டும். காவலின் உரிமையையும் ஊராரிடமே வைக்கட்டும். பெறுவோர் அதனைப் பலனாகக் கொள்ளாமல் துணையாகக் கொள்ளட்டும். தொகை நின்ற ஆண்டிலும் கோடரி விழாத மரமே பகவானுக்கு உகந்த கைங்கர்யம். கரியராமரைத் தொழும் மலையும், திருக்கோவலூர்த் திருவிக்கிரமனைத் தொழும் சமவெளியும் ஒரே நீரால் வாழ்வன என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.

சுபம்.