ஒப்பந்தம் முடிந்த மறுநாள்

2020 மே 1, உழைப்பாளர் தினம். அன்று திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் விடுதிகளில் துப்புரவு வேலை பார்த்துவந்த சுமார் 1,300 பேர் வேலையிழந்தார்கள். விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம், மாதவம் என்ற அந்த மூன்று விடுதிகள் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதியவை அல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் நிற்பவை. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் போகிற பலர் மலையேறும் முன் ஓர் இரவு தலைசாய்ப்பது அங்கேதான். அந்த அறைகளைப் பெருக்கி, கழிவறைகளைக் கழுவி, விரிப்புகளை மாற்றிப் போட்டவர்களில் பலர் பல ஆண்டுகளாக அதே வேலையில் இருந்தவர்கள். ஏஜென்சி மாறியிருக்கும், துடைப்பம் பிடித்த கை மாறியிருக்காது.

அவர்களை யாரும் குற்றம் சாட்டி வெளியேற்றவில்லை. ஏஜென்சியுடனான ஒப்பந்தம் ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்தது. கொரோனா ஊரடங்கில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. வேலை இல்லாத இடத்துக்கு ஆள் எதற்கு என்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காகிதத்தில் பார்த்தால் இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் கடமையும் முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி காகிதத்துக்கு வெளியே நிற்கிறது. வருமானம் சுருங்கும் காலத்தில் அந்த இழப்பை முதலில் யார் தலையில் ஏற்றுவது என்பதே அதன் உள்ளே இருக்கும் கேள்வி.

அப்போதைய நிலையைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் வந்துபோன மலையில் பூசை மட்டும் நடந்தது. உண்டியல் இல்லை, தரிசனச் சீட்டு இல்லை, லட்டு விற்பனை இல்லை, முடிக் காணிக்கை இல்லை. முடி இறக்கும் கல்யாணகட்டாவில் தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் 'பீஸ் ரேட்' நாவிதர்களுக்கு, தலைகள் வராத நாளில் கூலியும் இல்லை. தேவஸ்தானத்தின் இழப்பு சுமார் 400 கோடி ரூபாய் என்று அறங்காவலர் குழுவின் அன்றைய தலைவர் ஒய்.வி. சுப்பா ரெட்டி மே மாதத்தில் சொன்னார். வங்கிகளில் 14,000 கோடி ரூபாய் வைப்பும் எட்டு டன் தங்கமும் இருப்பதாக அதே நாட்களில் செய்திகள் வந்தன.

ஒரு சிறு கணக்கு. ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 1,300 பேருக்கு மாதச் செலவு ஒரு கோடியே முப்பது லட்சம். 14,000 கோடிக்கு ஆறு சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் எழுபது கோடி. இவை தேவஸ்தானத்தின் ஏட்டிலிருந்து எடுத்த எண்கள் அல்ல, அளவு புரிவதற்காகப் போட்ட கணக்கு. ஏறக்குறைய அரை நாள் வட்டிதான் அந்த 1,300 குடும்பங்களின் ஒரு மாதம்.

எதிர்த்தரப்பு வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் பணம் அறங்காவலர்களுடையது அல்ல. பக்தர்கள் சாமிக்குக் கொடுத்தது. அன்னதானத்துக்கு என்று கொடுத்ததை அன்னதானத்துக்கும், மருத்துவத்துக்கு என்று கொடுத்ததை மருத்துவத்துக்கும்தான் செலவிட வேண்டும். பூட்டிய விடுதிக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? கோயிலை நம்பி வாழ்பவர்கள் அந்த 1,300 பேர் மட்டும்தானா? அலிபிரியில் தேங்காய் விற்பவர், ஜீப் ஓட்டுபவர், பூ கட்டுபவர் என்று ஊரே மலையை நம்பித்தானே இருக்கிறது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பெரியவர்கள் சொல். பிறர் பொருளைக் காப்பவருக்கு அது இன்னும் பொருந்தும்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையாக நிற்பதற்கு ஒன்றை மறந்தாக வேண்டும். தேங்காய் விற்பவருக்கும் தேவஸ்தானத்துக்கும் இடையே இருப்பது சந்தை உறவு. துப்புரவுத் தொழிலாளிக்கும் தேவஸ்தானத்துக்கும் இடையே இருந்தது ஆண்டுக்கணக்கான பணி உறவு. ஏஜென்சி என்ற திரை நடுவில் தொங்கியதால் அந்த உறவு இல்லாமல் போய்விடாது. அன்று நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது: ஒப்பந்தக்காரர் கூலி தரவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது. சட்டம் கூலிப் பாக்கியோடு நின்றுவிட்டது. அறம் அங்கே நிற்க முடியாது. ஒருவருடைய இளமையின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்ட நிறுவனம், கையில் சேமிப்பும் இருக்கும்போது, மோசமான இரண்டு மூன்று மாதங்களை அவரோடு பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டது. எவ்வளவு காலம் உழைத்தார், அந்த உழைப்பால் நிறுவனம் எவ்வளவு பெற்றது, இப்போது அதன் கையில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் இந்தக் கடமையை அளக்க வேண்டும். மூன்றாவது இல்லாத இடத்தில் கடமையின் கனம் குறையும். தேவஸ்தானத்தில் மூன்றும் இருந்தன.

அரசும் அன்று இதே திசையில்தான் பேசியது. ஆட்களை நீக்க வேண்டாம், குறிப்பாகத் தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளர்களை நீக்க வேண்டாம் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மார்ச் 20ஆம் தேதி கேட்டுக்கொண்டது. ஊரடங்குக் காலத்துக்கு முழு ஊதியம் தர வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் மார்ச் 29ஆம் தேதி உத்தரவிட்டது. அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது மே 18 முதல்தான். ஆக, மே 1ஆம் தேதி அது உயிரோடு இருந்தது. ஜூன் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. பேசித் தீர்ப்பதற்கு எதிரில் உட்கார ஓர் இடம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்தவருக்கு அந்த இடமே இல்லை.

எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை செய்வதாகத் தேவஸ்தானத் தலைமை சொன்னது. அது நல்லதே. ஆனால் அதே மாதத்தில் நடந்த இன்னொன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த 50 சொத்துகளை ஏலம் விடும் திட்டம் வெளியே வந்தது. அவற்றில் 23 தமிழ்நாட்டில் இருந்தன. எதிர்க்கட்சிகள் கொதித்தன, சாமியார்கள் கொதித்தார்கள், தொலைக்காட்சிகளில் இரவெல்லாம் விவாதம். மே 25ஆம் தேதி மாநில அரசே தலையிட்டு நிறுத்திவைத்தது. சில நாட்களில் அறங்காவலர் குழு கூடி, காணிக்கைச் சொத்தை விற்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அந்தக் கோபம் நியாயமானது. தானமாக வந்த நிலத்தை விற்கக் கூடாது. ஆனால் காணிக்கையாக வந்த காலி மனைக்குக் கிடைத்த பாதுகாப்பு, கோயிலுக்காகத் தேய்ந்த உடம்புக்குக் கிடைக்கவில்லை. சில நாட்களில் ஒரு தீர்மானம் நிறைவேற முடியும் என்று நிலத்தின் விஷயத்தில் நிரூபணமானது. தொழிலாளர் விஷயத்தில் அந்த வேகம் எங்கே போனது?

இதில் செய்தித்தாள்களுக்கும் பங்கு உண்டு. ஆந்திராவின் மண்டலச் செய்திகளை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள் அல்லர். 'கான்ட்ரிபியூட்டர்' என்று பெயர். அச்சான வரிக்கு இவ்வளவு என்று கணக்கு. மீதி வருமானம் விளம்பரம் பிடித்துக் கொடுப்பதில் வரும் கமிஷன். பண்டிகை வாழ்த்து, தலைவர் பிறந்தநாள், புதுக் கடைத் திறப்பு எல்லாம் நின்றுபோன 2020 கோடையில் பக்கங்கள் குறைந்தன, வரிகளும் குறைந்தன. நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் வேலையிழந்து, அவர்களுடைய சங்கங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அந்த ஏப்ரலில்தான். தன் கூலியே நிச்சயமில்லாத ஒருவர், இன்னொருவர் கூலிக்காக ஊரின் மிகப் பெரிய நிறுவனத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அவரிடம் முழுத் துணிவையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவருக்கு மேலே இருப்பவர்களிடம் எதிர்பார்க்கலாம்.

ஆனால் மேலே இருந்ததோ வேறொரு சிக்கல். தெலுங்கு நாளிதழ்கள் எந்தெந்தக் கட்சியின் பக்கம் என்பது வாசகர் எல்லோருக்கும் தெரியும். 'சாட்சி' நாளிதழ், 2020இல் முதலமைச்சராக இருந்த ஜெகன்மோகன் ரெட்டியின் குடும்பம் 2008இல் தொடங்கியது. எதிரணி நாளிதழ்களை ஆளுங்கட்சியினர் தெலுங்கு தேசத்தின் குரல் என்றார்கள். 2019 அக்டோபர் இறுதியில், தவறான செய்திக்கு வழக்குத் தொடரும் அதிகாரத்தைத் துறைச் செயலாளர்களுக்குக் கொடுத்து அரசாணையும் வந்திருந்தது. இந்தச் சூழலில் 1,300 பேரின் துயரம் ஒரு பக்கத்துக்கு ஆயுதமாகவும் மறுபக்கத்துக்கு அவதூறாகவும் ஆகிவிடும். ஆயுதத்தின் வேலை முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தொழிலாளி என்ன ஆனார் என்று திரும்பிப் போய்ப் பார்க்கும் செய்திதான் அறமுள்ள செய்தி. அது அரிதாகவே வந்தது.

இழப்பை யார் தலையில் ஏற்றுவது என்ற அதே கேள்வி எழுந்த பள்ளிக்கூடங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. இங்கே முதலாளியும் பல நேரம் ஏழைதான். சித்தூர்ப் பக்கத்தில் பெற்றோர் என்றால் மாங்கூழ் ஆலைக் கூலி, நகரி விசைத்தறி, இரண்டு கறவை மாடு, திருப்பதியில் ஒரு கடை. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. பீஸ் வரவில்லை, வாடகைக் கட்டடத்தில் பள்ளி நடத்துபவரால் ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியவில்லை. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் தனியார் பள்ளி ஆசிரியர்கள் காய்கறி விற்கவும் நூறு நாள் வேலைக்குப் போகவும் நேர்ந்தது.

இங்கே தேவஸ்தானத்துக்குச் சொன்ன தீர்ப்பை அப்படியே தூக்கிவந்து வைத்தால் அநீதி ஆகிவிடும். ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியை நடத்துபவரிடம் சேமிப்பு ஏது? மாநிலம் முழுக்கக் கிளை பரப்பி, முந்தைய ஆண்டு முழு பீஸும் வாங்கிய நிறுவனத்தின் நிலை வேறு. இரண்டும் 'தனியார் பள்ளி' என்ற ஒரே பெயரின் கீழ் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததுதான் தவறு. அந்த ஆண்டு இவர்களைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டியது அரசு.

அரசிடம் பணம் கொண்டுசேர்க்கும் வழி இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் தரும் 'அம்மா ஒடி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததே சித்தூரில்தான், 2020 ஜனவரி 9ஆம் தேதி. தனியார் பள்ளியில் படித்தாலும் அந்தப் பணம் கிடைத்தது. தொற்றுக் காலத்தில் 2021 ஜனவரியிலும் அது வழங்கப்பட்டது. 2020-21ஆம் ஆண்டுக்குக் கல்விக் கட்டணத்தில் 30 சதவீதத்தைக் குறைக்கவும் அரசு ஆணையிட்டது. இரண்டும் பெற்றோருக்கு நல்லவை. வகுப்பில் நின்றவரை இரண்டும் எட்டவில்லை. தாயின் கணக்கும் பள்ளியின் கட்டணமும் அரசின் கண்ணில் பட்டன, ஆசிரியரின் வீட்டு அடுப்பு படவில்லை. பக்கத்து மாநிலமான தெலங்கானா 2021 ஏப்ரலில், அதுவும் ஓராண்டு தாமதமாக, தனியார் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தது. சிறிய தொகைதான். ஆனால் அவர் இருக்கிறார் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது.

இழப்பைப் பகிர்வதற்கு ஒரு முறை ஆந்திர அரசுக்கே தெரிந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2020 மார்ச் 31ஆம் தேதி அது போட்ட ஆணையில், முதலமைச்சர், அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு முழுச் சம்பளமும் ஒத்திவைப்பு, ஐ.ஏ.எஸ். போன்ற பணியினருக்கு 60 சதவீதம். மற்ற ஊழியருக்குப் பாதி. கடைநிலை ஊழியருக்குப் பத்து சதவீதம். தாங்கும் தோளுக்கு ஏற்ற சுமை என்ற வரிசை இதில் தெளிவாக இருக்கிறது. ஓய்வூதியத்திலும் கைவைத்தது பெரும் பிழை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஒத்திவைத்த தொகைக்கு 12 சதவீத வட்டி தரும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஆறாகக் குறைத்தது. சம்பளமும் ஓய்வூதியமும் உரிமை என்ற தீர்ப்பு சரியானதே. ஆனால் நிரந்தரமாக இருந்தவர் தாமதத்துக்கு வட்டி பெற்றார். ஒப்பந்தத்தில் இருந்தவருக்கு அசலே இல்லை, நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதமும் இல்லை. பாதுகாப்பு உள்ளவரைச் சட்டம் மேலும் பாதுகாத்தது.

அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. இடைத்தரகரை ஒழிக்க என்று மாநில அரசு 2020 ஜூலையில் வெளிமுகமைப் பணியாளருக்குத் தனிக் கழகம் தொடங்கியது. தேவஸ்தானமும் ஸ்ரீ லட்சுமி ஸ்ரீநிவாச மனிதவளக் கழகத்தை உருவாக்கியது. அதில் தங்களைச் சேர்க்கக் கேட்டு 2021 இறுதியில் எஃப்.எம்.எஸ். எனப்படும் விடுதிப் பராமரிப்புத் தொழிலாளர்கள் திருப்பதியில் தேவஸ்தான நிர்வாகக் கட்டடத்தின் முன் போராடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், 25 பேர் கொண்ட அறங்காவலர் குழுவோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறப்பு அழைப்பாளர்களை நியமித்து அரசு ஆணையிட்டது; உயர் நீதிமன்றம் அழைப்பாளர் நியமனத்தை நிறுத்திவைத்தது. முக்கியப் பிரமுகர்களுக்கான 'பிரேக்' தரிசனத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தரக்கூடியவர்களுக்கு இடம் தேடிய அக்கறையில் ஒரு பங்கு, அறையைப் பெருக்கியவர்கள் மீது இருந்திருந்தால் போதும்.

2022 நவம்பரில் தேவஸ்தானமே வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி வங்கி வைப்பு 15,938 கோடி ரூபாய்; தங்கம் பத்து டன்னுக்கு மேல். தொற்றின் இரண்டு அலைகளைக் கடந்த பிறகும் சேமிப்பு கரையவில்லை. அடுத்த முறை எதன் பொருட்டு நடை சாத்தினாலும், மூடியிருக்கும் மாதங்களில் ஒப்பந்தத் தொழிலாளரின் கூலி வைப்பு நிதியின் வட்டியிலிருந்து தரப்படும் என்று அறங்காவலர் குழு இப்போதே ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்த வைப்பில் தமிழ்நாட்டிலிருந்து போன உண்டியல் காசும் இருக்கிறது. ஆகவே அந்தத் தீர்மானத்தைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. கேளுங்கள்.