ஒத்துக்காரர் பங்கு

முன்னேற்பாடின்றி அக்கணமே பிறக்கும் கவிதையை அரபியர் ‘இர்திஜால்’ என்பர். இசைவாணர் தம் துறையில் அதனை மனோதர்மம் என்பர். ஒருவர் படைத்தால் அது அவருடையது. பலர் கூடிப் படைத்தால் யாருடையது?

1960 டிசம்பரில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன், தம்முடன் எழுவரைச் சேர்த்து ஏறத்தாழ 37 நிமிடம் இவ்வாறு வாசித்தார். ஒருவர் முன்செல்ல, மற்றவர் செவியில் விழுந்ததற்கேற்பத் துணை சேர்த்தனர். 1961இல் வெளிவந்த அவ்விசைத்தட்டு கோல்மன் பெயராலேயே அறியப்படுகிறது.

அயலார் வழக்கென்று இதனைத் தள்ளிவிட வேண்டா. காட்டுமன்னார்கோயிலில் வாழும் நாம் கோயில் வீதியின் நாகசுரத்தைக் கேட்டே வளர்ந்தோம். முதல்வர் இராகத்தை விரிக்கையில் இரண்டாமவர் ஆதாரசுருதியில் நிற்பார். பின்னர் இவர் விரிக்க அவர் நிற்பார். அவ்விருவருக்கும் பின்னால் ஒத்துக்காரர் ஒருவர் இருந்தார். மூச்சு முறியாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பதே அவர் பணி. சுருதிப்பெட்டி வந்தபின் அவர் அரிதானார். பெட்டிக்குக் களைப்புமில்லை, கூலியுமில்லை!

அவர் எதைப் படைத்தார் என்று கேட்போர் உளர். அச்சுரம் இமைப்பொழுது தளர்ந்தாலும் வித்துவானின் கற்பனை நிலைகுலையும். நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, 1998இல் சங்கீத கலாநிதியான ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரத்திற்கும் சுருதியே தரை. புகழ் முதல்வரைச் சேரட்டும். அவர் உழைப்பு பெரிது. ஆயினும் உடன் வாசித்தவரின் பங்கு அவர் கையிலுள்ள அமானிதம். சன்மானம் பகிரும்போதும் பெயர் பொறிக்கும்போதும் ஒத்துக்காரரை விட்டுவிடுவது அநீதியென்றே கருதுகிறோம், அவர் கேளாதிருந்தாலும்.