இன்னும் ஒரு வாய்

மதியத் தூக்கம் கலைந்து எழுந்த மகனின் வாயைத் துடைக்கப் போனபோது, இடது கன்னம் கொஞ்சம் புடைத்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு சோற்று உருண்டை வந்தது. பன்னிரண்டரை மணிக்கு நான் ஊட்டிய பருப்புச் சாதம். விழுங்காமல், கன்னத்தில் அதக்கிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறான். எச்சிலில் ஊறி வெளுத்துப்போன அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கத்தில் அது தொண்டைக்குள் இறங்கி அடைத்திருந்தால்? கை நடுக்கம் சாயங்காலம்வரை நிற்கவில்லை. அவனுக்கு அப்போது பதினாலு மாதம்.

அந்தச் சோறு எப்படி உள்ளே போனது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனாக வாயைத் திறந்து வாங்கியது ஏழு வாய். எட்டாவதற்கு முகத்தைத் திருப்பினான். கிண்ணத்தில் பாதி மிச்சம். ஜன்னல் பக்கம் தூக்கிப் போய்க் காக்காவைக் காட்டினேன். அப்பாவுக்கு ஒரு வாய், அம்மாச்சிக்கு ஒரு வாய் என்று சொல்லி இரண்டு வாய் தள்ளினேன். அதற்குப் பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன். படம் ஓடத் தொடங்கியதும் வாய் தானாகத் திறந்தது. கண் திரையை விட்டு நகரவே இல்லை. உள்ளே போவது பருப்பா ரசமா, சூடா ஆறியதா, எதுவும் அவனுக்குத் தெரியாது. கிண்ணம் காலியானதும் பெரிய நிம்மதி எனக்கு. கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இன்னைக்கு முழுசாச் சாப்பிட்டான்" என்று அவன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தியும் போட்டேன்.

முழுசாச் சாப்பிட்டவனின் கன்னத்தில்தான் அந்த உருண்டை இருந்தது.

நம் வீடுகளில் குழந்தைக்கு ஊட்டுவது குழந்தைக்கும் தாய்க்கும் இடையில் நடக்கும் காரியமாக மட்டும் இருப்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவுடன் காதில் விழும் முதல் வாசகம், "என்னடி, புள்ளை இப்படி இளைச்சுக் கெடக்கு?" என்பதுதான். சொல்கிறவர்களுக்கு அது ஒரு பாசப் பேச்சு. வாங்கிக்கொள்கிற தாய்க்கு அது தீர்ப்பு. அப்பாவை யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்லத்தான் நாங்கள் ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தோடு பிள்ளையின் பின்னால் ஓடுகிறோம்.

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் என் பயத்தைக் கேட்டார். பிறகு பிள்ளையின் எடையைப் பார்த்தார். அதன் பிறகு எடைக்கோடு போட்ட அட்டையை விரித்து, எனக்குப் புரியும்படி ஒரு கணக்கு சொன்னார். பிறந்தபோது இவன் 2.9 கிலோ. ஐந்து மாதத்தில் அது இரண்டு மடங்கானது. முதல் பிறந்தநாளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு, 8.8 கிலோ. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் கணக்காம். ஆனால் இரண்டாவது வருஷம் முழுவதற்கும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். முதல் வருஷத்தில் ஆறு கிலோ ஏற்றிய உடம்புக்கு அடுத்த வருஷம் அதில் பாதிகூடத் தேவையில்லை என்றால், பசி மட்டும் பழைய வேகத்தில் எடுக்குமா? ஒரு வயசு தாண்டியதும் "நல்லாச் சாப்பிட்டுட்டு இருந்த புள்ளை, இப்போ சுத்தமாச் சாப்பிட மாட்டேங்கிறான்" என்று வீட்டுக்கு வீடு அம்மாக்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்றார். பிள்ளை மாறவில்லை. வளரும் வேகம் மாறியிருக்கிறது.

அவர் காட்டிய அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் குழந்தைகளை எடை பார்த்து, உயரம் பார்த்து எழுதியது. நம் நாட்டுக் குழந்தைகளின் அளவை டெல்லியில் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒல்லியான ஆரோக்கியத்துக்கும் இடம் இருக்கிறது, கொழுகொழு ஆரோக்கியத்துக்கும் இடம் இருக்கிறது. பார்க்க வேண்டியது, இந்தப் பிள்ளை தன் கோட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறதா என்பதைத்தான். என் மகனின் கோடு படுக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கிளம்பும்போது அவர் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் நான் தலைகுனிந்தேன். "பால் எவ்வளவு குடிக்கிறான்?" நாளுக்கு நாலு பாட்டில். ஒரு பாட்டில் 200 மில்லி. சோறு இறங்கவில்லையே, பாலாவது குடிக்கட்டும் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பால்தான் சோற்றை இறங்க விடவில்லை. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு; அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் கெடும், ரத்தமும் குறையும் என்றார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. வசதியில்லாத வீட்டில் ஒரு காரணம் என்றால், எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் பாட்டிலும் பிஸ்கட்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மருத்துவர் சொன்னதை எல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவள் கடைசியில் ஒன்று சொன்னாள்.

"பசிச்சாக் கேப்பான்மா, கேக்கும்போது குடுத்தாப் போதும்னு சொல்றாரு" என்றேன்.

"கேட்டவனுக்கு அன்னைக்குக் குடுக்க முடியல. இன்னைக்குக் குடுக்க இருக்கு, இவன் கேக்க மாட்டேங்கிறான்" என்றாள் அம்மா.

கேட்டவன் அவளுடைய தம்பி. அம்மா 1957-இல் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். மானாவாரி நிலம். கேப்பைக் களி, கம்பங்கூழ், சோளச் சோறு. அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மழை பொய்த்த வருஷம் அந்தக் கூழும் ஒரு வேளைதான். இரண்டு வயதுகூட நிரம்பாத தம்பி வயிற்றுப்போக்கில் போனான். கடைசி நாட்களில் அவன் "சோறு, சோறு" என்று கேட்டதை அம்மா அறுபது வருஷம் கழித்தும் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எப்படி இந்த மாநிலத்தைப் புரட்டிப்போட்டது என்பதை நாம் அரசியல் வரலாறாகப் படிக்கிறோம். அம்மாவுக்கு அது அடுப்படி நினைவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, பால்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்குச் சுடச்சுடச் சோறு போட்டபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. "அது பத்துப் பதினஞ்சு வருசம் முன்னால வந்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான்" என்பாள்.

இவள் கையில் கிண்ணத்தோடு பிள்ளைக்குப் பின்னால் ஓடுவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. நம் பாட்டிகளின் "இன்னும் ஒரு வாய்" என்ற கெஞ்சலுக்குள், சோறு இல்லாமல் போன பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பெண்களைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் பயத்துக்கு முதலில் ஒரு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் மரியாதை கொடுப்பது வேறு, அந்தப் பயத்தை அடுத்த தலைமுறையின் வாயில் திணிப்பது வேறு. அறுபதுகளில் காய்ந்த ஒரு வயிற்றை என் மகன் வயிற்றில் நிரப்ப முடியாது.

திணிக்காமல் விட்டால் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தின்னுமா என்று பார்க்க, அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920-களின் பிற்பகுதியில் ஒரு காரியம் செய்தார். தாய்ப்பால் மறந்த குழந்தைகள், மொத்தம் பதினைந்து பேர். வேளாவேளைக்கு அவர்கள் முன்னால் தனித்தனிக் கிண்ணங்களில் பல வகை உணவு. தானியம், காய், பழம், பால், முட்டை, இறைச்சி, எல்லாம் மசாலா சேர்க்காதவை. செவிலியர்கள் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, இதைத் தின்னு என்று சொல்லவும் கூடாது. குழந்தை கையை நீட்டினால் மட்டும் ஸ்பூனில் எடுத்து ஊட்டலாம். ஒரு வேளை ஒரு பிள்ளை ஒன்றையே தின்னும், இன்னொரு வேளை வேறொன்றைத் தின்னும். பார்க்கிறவர்களுக்குத் தலையும் வாலும் புரியாது. ஆனால் மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்திருந்தன. எலும்பு வளைந்த நோயோடு வந்த ஒரு குழந்தை, முன்னால் வைத்த மீன் எண்ணெயைத் தானே எடுத்துக் குடித்து, நோய் தீர்ந்த பிறகு விட்டுவிட்டது. இன்றைக்கு அப்படி ஒரு ஆராய்ச்சியை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், வேண்டியதும் இல்லை. அதில் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மேசையில் பிஸ்கட் இல்லை, சிப்ஸ் இல்லை, சர்க்கரை இல்லை. முன்னால் என்ன வைப்பது என்பதைப் பெரியவர்கள்தான் முடிவு செய்தார்கள். எவ்வளவு என்பதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டார்கள்.

எல்லின் சாட்டர் என்ற உணவியலாளர் பிற்காலத்தில் இதே பொருளை வீட்டுக்கு ஏற்ற ஒரு பாகப்பிரிவினையாகச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றவர்கள் பாகம். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பாகம். நானும் என் கணவரும் அம்மாவும் உட்கார்ந்து பேசி, பத்து நாள் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். பால் இரண்டு தம்ளராகக் குறைந்தது. இடையில் பிஸ்கட் இல்லை. போன் பீரோ மேல் ஏறியது. தரையில் செய்தித்தாளை விரித்து, எங்களோடு அவனையும் உட்கார வைத்து, சின்னத் தட்டில் அரை இட்லி, அல்லது ஒரு குழிக்கரண்டிச் சாதம்.

முதல் மூன்று நாள் கொடுமை. இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தட்டிவிடுவான். மீதியை அள்ளித் தலையில் தேய்ப்பான். அம்மா அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் பருப்புச் சாதத்தில் நெய்யைப் பார்த்துக் கை நீட்டினான். அஞ்சு விரலாலும் பிசைந்து, முக்கால்வாசி மடியில் சிந்தி, மிச்சத்தை வாய்க்குள் கொண்டுபோனான். தின்னும்போது தட்டைப் பார்த்தான். அதற்கு முன்னால் அவன் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

போனைக் காட்டி ஊட்டும் தாய்மாரை இளக்காரமாகப் பேசுகிறவர்கள், எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருத்தியின் இடத்தில் நின்று ஒரு காலை வேளை ஊட்டிப் பார்க்கட்டும். இரண்டு வயதுக்கு முன்னால் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, அது சரிதான். ஆனால் உட்கார்ந்து காத்திருக்க இன்னொரு ஆள் இல்லாத வீட்டில் அந்த அறிவுரை தாயின் தலையில் இன்னொரு பாரம். எங்களுக்கு அம்மா இருந்தாள். காலை வேளையை என் கணவர் எடுத்துக்கொண்டார். அப்படித்தான் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடைக்கோடு படுத்துவிட்டாலோ, காய்ச்சலுக்குப் பின் பிள்ளை துவண்டு கிடந்தாலோ, எதைத் தின்றாலும் கக்கினாலோ, "பசிச்சாக் கேப்பான்" என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் எடை குறைந்த குழந்தைகளுக்கும்கூட, பொறுமையாக, முகம் பார்த்து, பேச்சுக் கொடுத்து ஊட்டுங்கள், திணிக்காதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஒன்றரை வயதில் அவன் ஒரு சொல் சொன்னான். உள்ளங்கையைத் தட்டின் மேல் குறுக்கே வைத்து, "போம்" என்றான். போதும் என்பதைத்தான். அம்மா கையில் அடுத்த கரண்டி இருந்தது. அது அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் அதைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பேச்சு வருவதற்கு முன்பே ஒரு குழந்தைக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்த சேதி இது. முலைக்காம்பை விட்டு முகத்தைத் திருப்பும் நாளிலிருந்தே அது இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மடியில் இருக்கும்போது அதன் கையைப் பிடித்துக்கொண்டு, தாடையை அழுத்தி ஸ்பூனை நுழைக்கிறோம். அஞ்சு வயதில் பள்ளிக்கூடத்தில் தொடுதல் பற்றிப் பாடம் நடக்கிறது: பிடிக்காததை யாராவது செய்தால் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லு. வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் நிறுத்துவார்கள் என்பதை அந்தப் பிள்ளை அதற்கு முன்னால் எங்கே பார்த்திருக்கிறது? சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறு எந்த இடத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை அதைக் காட்ட முடியும்?

இப்போது அவனுக்கு மூன்று வயது. ஒல்லிதான். கோட்டிலேயே போகிறான். போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலிலேயே ஒரு பெரியம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னடி, புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "வேணுங்கறதைத் தின்னுறான் மதினி. வேணாம்னாச் சொல்லிருவான்."

வாசிக்கிற பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விசேஷத்தில் ஒரு குழந்தையைப் பார்த்தால் அதன் பெயரைக் கேளுங்கள், அதன் செருப்பைப் பற்றிக் கேளுங்கள், மடியில் வைத்துக் கதை பேசுங்கள். எடையைப் பற்றி மட்டும் அதன் தாய்க்கு முன்னால் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவீர்கள். அன்று ராத்திரி அந்தப் பிள்ளையின் வாயில் இன்னொரு கிண்ணம் திணிக்கப்படும்.