கொத்தும் கிளையும்

தன் குலம் இன்னது என்று சொல்லிப் பெருமிதங் கொள்ளும் மனிதன் அக்குலத்தை உண்மையில் தன் உடைமையாகக் கொண்டிருக்கிறானா, அல்லது சில காலம் அதன் பெயரைத் தாங்கி நடக்கிறானா என்ற வினாவுக்கு, ஆத்ம விசாரம் செய்யும் பெருநூல்களைக் காட்டிலும் திருநெல்வேலிச் சீமையின் ஒரு கலியாண வழக்கமே தெளிவாக விடை கூறுகிறது என்பது என் கருத்து.

ராஜேந்திர சோழனின் வடதிசை வெற்றியைப் பெயரில் தாங்கிய கங்கைகொண்டானும் அதன் சுற்றுவட்டாரமும் உட்பட, இச்சீமையெங்கும் பரவி வாழும் கொண்டையங்கோட்டை மறவரிடையே கொத்து, கிளை என்னும் இருபடிப் பிரிவு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சை, பனை என ஆறு கொத்துகளும், கொத்துக்கு மூன்றாகப் பதினெட்டுக் கிளைகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. கிளைப் பெயர்களோ வியப்புக்குரியவை. பொதிகை முனிவராகிய அகஸ்தியரும், கௌதமரும், இராமகாதையின் ஜாம்பவானும், வேட்டுவனும், வீரமுடிதாங்கினானும் ஒரே வரிசையில் உடன்பிறந்தார்போல் நிற்கிறார்கள். ரிஷி கோத்திரம் சொல்லும் அந்தணர் அதைத் தந்தை வழியாகப் பெறுகிறார். இங்கோ அகஸ்தியர் கிளை என்பது தாய் வழியாகவே வருகிறது.

ஒரே கொத்தில் அடங்கிய கிளைகளுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. அவர்கள் அண்ணன் தங்கை முறையாவார்கள். ஆகவே, எந்த ஆண்மகனும் தன் கிளையைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க இயலாது. அவன் பெற்ற மக்கள் அவன் மனைவியின் கிளையினர். அவனுடைய கிளை அவனோடு நின்றுவிடுகிறது. மீசை முறுக்கி வம்சப் பெருமை பேசுகிறவன், தன் வீட்டிலேயே, கிளைக் கணக்கில் தனியனாக இருக்கிறான்! எனினும் அவன் மகன் அத்தை மகளை மணப்பானாயின், அவள் தன் தாயாகிய அத்தையின் கிளையே உடையவளாதலால், பாட்டனிடம் நின்றுபோன கிளை பேரனிடத்தில் மீண்டும் தளிர்க்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் இதனோடு சேருமிடத்து, ஒருவன் விட்டுச்சென்ற பெயரும் கிளையும் இரண்டு பெண்களின் வழியே சுற்றி வந்து ஒரு குழந்தையின்மேல் இறங்குகின்றன. தந்தை மூலமாகவோ குலதெய்வம் வருகிறது. பங்குனி உத்திரத்தன்று தன் சாஸ்தா கோயிலைத் தேடிச் செல்லும் குடும்பத்தலைவன் தகப்பன் தெய்வத்தை வணங்கத் தாயின் கிளையோடு செல்கிறான்.

குலம் என்பது ஒரே இரத்தம் என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. மேற்காசிய மலைநாட்டுக் குர்து மக்களைப் பற்றி 1597 இல் பித்லிஸ் சிற்றரசர் ஷரஃப் கான் பாரசீகத்தில் இயற்றிய ஷரஃப்நாமா, அரசகுலங்கள் தத்தமக்குச் சொல்லிக்கொண்ட ஆதிவரலாறுகளைத் தொகுத்துரைக்கிறது. போத்தான் நாட்டுத் தலைவர்கள் தாம் காலித் இப்னு வலீத் என்ற அரபுத் தளபதியின் சந்ததி என்றனர். நம்மவர் கௌதமரை நாடியதுபோன்றதே இதுவும். ஆனால் 1908 இல் மறைந்த இப்ராஹிம் பாஷா தலைமை தாங்கிய மில்லி என்னும் பெருங்குழுவில் முஸ்லிம் குர்துகளோடு யஸீதி சமயத்தாரும் அரபுக் குடிகளும் கலந்திருந்தனர். மூதாதை ஒருவர் என்று நா சொல்ல, பாளையமோ பல குருதியால் நிறைந்திருந்தது. இதைப் பொய் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. சேர்ந்து வாழத் துணிந்தவர்கள் பின்னர் தங்களுக்கு ஒரு பாட்டனைத் தேடிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

இந்த விசாரத்தைத் தாமிரவருணிக் கரையில் இன்னும் கூர்மையாக்குவது பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயில். சிங்கம்பட்டி ஜமீன்தாரான மறவர் பரம்பரையின் பராமரிப்பில் இருந்துவந்த அக்கோயிலில் ஆடி அமாவாசைக்குத் திரளும் ஜனங்கள் அங்குள்ள பட்டவராயனுக்குத் தோற்செருப்புகளைக் காணிக்கையாக இடுகிறார்கள். பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். அந்தணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, செருப்புத் தைக்கும் அவர்கள் தொழிலை ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு பொருது மாண்டவன். குலத்தை உதறியவன் குலங்களால் வழிபடப்படுகிறான்! இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அவ்விரு பெண்களும் பிறப்பில் அந்தணரே, காட்டில் கிடந்து பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் பகுதி பின்னர் நுழைக்கப்பட்டது எனக் கருதினார். அதுவே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. குருதியைக் கதையில் திருத்தியவர்கள் முத்துப்பட்டனின் செயலை விளக்க முயன்றார்களே தவிர, அவனை வணங்குவதை நிறுத்தவில்லை. அவ்விளக்கம் உண்மையானால் அவன் துறந்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும், செருப்பைக் காணிக்கையாக ஏற்க அவனுக்குக் காரணமும் இல்லாமற் போகும்.