வரிசையும் உரையும்

எந்த வித்தையிலும் மாணவன் ஒருநாள் கேட்கத்தான் கேட்பான்: "இது எதற்கு?" கேள்வி சிறியது. ஆனால் பதில் சொல்லுகிற ஆசிரியரின் நேர்மை முழுவதும் அந்த ஒரு கணத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. தெரியாது என்று சொல்லலாம். அல்லது அந்த இடத்திலேயே ஓர் அர்த்தத்தை உண்டாக்கி, அது ஆதியிலிருந்தே அங்கே இருந்ததுபோலச் சொல்லலாம். இரண்டாவதைத்தான் நம்மில் பெரும்பாலோர் செய்கிறோம். அது பொய்யா, இல்லையா என்பதுதான் கொஞ்ச நாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

கொரியாக்காரர்களின் டேக்வாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'துல்' என்று ஒன்று உண்டு. எதிரில் ஆள் இல்லாமல், வகுத்த பாதையில் முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிச் செய்யும் அசைவுகளின் வரிசை. ஜெனரல் சோய் ஹாங் ஹீ வகுத்த முறையில் இப்படி 24 வரிசைகள். நாளுக்கு 24 மணி நேரம். மனித வாழ்வும் ஒரு நாள் போன்றதே என்பது அவர் சொன்ன விளக்கம். முதல் வரிசையில் 19 அசைவுகள். இடப்பக்கம் திரும்பி, முன்கையைக் கீழ்நோக்கி வீசி ஒரு தடுப்பு. ஓரடி முன்வைத்து ஒரு குத்து. பிறகு நேர் பின்னால் திரும்பி மறுபடியும் அதுவே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அர்த்தம் எளிது. எதிரி உதைக்கிறான், தடுக்கிறாய், குத்துகிறாய். பின்னால் இன்னொருவன் வருகிறான்; திரும்புகிறாய்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் கையைவிடக் கனமானது. வேகமாக வரும் காலை முன்கை எலும்பால் எதிர்கொள்ளுகிறவன் புத்திசாலி அல்ல. அது போகட்டும், ஒரு கை தடுக்கும்போது மறு கையை எதற்காக இடுப்புக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்? முகத்தைக் காக்க வேண்டிய கை இடுப்பில் போய்ச் சும்மா உட்காரலாமா?

இந்தச் சந்தேகத்திலிருந்து இன்னொரு விளக்கம் பிறந்தது. இடுப்புக்குப் போகிற கை சும்மா போகவில்லை. எதிரியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போகிறது. கீழே வீசுகிற முன்கை உதையைத் தடுக்கவில்லை. இழுபட்டு நீண்டுவிட்ட அவன் கையை, முழங்கைக்குச் சற்று மேலே அழுத்தி, ஆளைக் குனிய வைக்கிறது. பின்னால் திரும்புவது இரண்டாவது எதிரிக்காக அல்ல. பிடிபட்டவனைச் சுழற்றித் தள்ளுவதற்காக. ஒரே அசைவு, ஆனால் இப்போது ஒவ்வோர் அங்கமும் ஒரு வேலையோடு நிற்கிறது. பூட்டில் சாவி திரும்பியதுபோல மனத்துக்கு ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியில்தான் அபாயம் இருக்கிறது. இந்த அர்த்தம் அங்கே இருந்து கண்டெடுக்கப்பட்டதா, நாம் கொண்டுபோய் வைத்ததா?

சரித்திரம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லுகிறது. டேக்வாண்டோ என்ற பெயர் 1955-இல் பிறந்தது. சோய் இளமையில் ஜப்பானில் கற்றது கராத்தே. அது ஒகினாவாத் தீவிலிருந்து வந்த வித்தை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு ஆன்கோ அதை அங்குள்ள பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்தார். ஃபுனாகோஷி 1922-இல் அதை டோக்கியோவில் செய்து காட்டினார். அவர் 1935-இல் வெளியிட்ட நூலில் ஆளைப் பிடித்து வீழ்த்தும் முறைகளும் உண்டு. ஆகவே பிடியும் இழுப்பும் அந்த அசைவுகளின் பரம்பரைச் சொத்து என்பவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் சோய் தம் வரிசைகளுக்கு வைத்த அர்த்தம் வேறு வகையானது. ஒரு வரிசைக்கு ஆன் ஜுங் குன் என்ற தேசபக்தரின் பெயரை வைத்தார். 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இதோ ஹிரோபுமியைச் சுட்டவர் அவர். மறு வருஷம் தூக்கிலிடப்பட்டார். கொரியக் கணக்கில் அப்போது வயது 32. வரிசையிலும் 32 அசைவுகள். 1910 முதல் 1945 வரை தம் நாட்டை ஆண்ட ஜப்பானியரிடம் கற்ற வித்தையைக்கொண்டே, ஜப்பானை எதிர்த்து உயிர்விட்டவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார் சோய்! தமக்கு வந்துசேர்ந்த அசைவில், அதுவரை இல்லாத ஓர் அர்த்தத்தை அவரே வைத்தார். அதை யார் குற்றம் சொல்ல முடியும்?

ஆகவே அர்த்தம் வைப்பது பாவமல்ல. நம் குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொன்ன இடத்தில் பரிமேலழகர் வேறொன்று சொல்லுகிறார். இருவரையும் வணங்குகிறோம். ஏனென்றால் உரை உரையாசிரியர் பெயரிலேயே நிற்கிறது. வள்ளுவர் தம் காதில் வந்து ஓதினார் என்று அவர்கள் சொல்லவில்லை.

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். என் கதை ஒன்றில் ஒரு பாழுங்கிணறு வரும். ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: அந்தக் கிணறு கதாநாயகியின் வறண்ட வாழ்வைக் குறிக்கிறதல்லவா என்று. உண்மையில், ஒரு சாவியைத் தொலைப்பதற்கு எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கிணறு கைக்கு வந்தது. அவ்வளவுதான். ஆனாலும், "சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள்" என்று பதில் எழுதினேன். புகழ்ச்சி யாரை விட்டது?

அந்தப் பொய்யால் யாருக்கும் கை முறியவில்லை. ஆனால் வித்தை கற்பிக்கிறவர் அதே பொய்யைச் சொன்னால் கதை வேறு. "இது முன்னோர் மறைத்துவைத்த ரகசியம்" என்றதும் மாணவி அதைச் சந்தேகிப்பதை விட்டுவிடுகிறாள். வகுப்பில் தோழி கையை நீட்டிக்கொண்டு மரம்போல நிற்கிறாள். பிடி அழகாக விழுகிறது. இருட்டுச் சந்தில் மணிக்கட்டைப் பற்றுகிறவன் அப்படி நிற்கமாட்டான். இழுப்பான், மறு கையால் அடிப்பான். அப்போது அவளுக்குத் துணை நிற்கப்போவது பரம்பரையின் பெருமை அல்ல. முரண்டுகிற ஆளிடம் நூறு தடவை செய்து பார்த்து, தவறி, திருத்திக்கொண்ட பழக்கம் ஒன்றே. அந்தச் சோதனையில் நிற்காத விளக்கம் எத்தனை அழகாயிருந்தாலும் அதைக் கைவிடத்தான் வேண்டும். நின்ற விளக்கம் நேற்று உண்டானதாயிருந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எது பழையது என்ற கேள்வியும் எது பயன்படும் என்ற கேள்வியும் வெவ்வேறு. ஒன்றின் விடையை மற்றொன்றுக்குக் கடன் கொடுக்கும்போதுதான் பொய் பிறக்கிறது.

நல்ல ஆசிரியர், என் அபிப்பிராயத்தில், இப்படித்தான் சொல்லுவார்: "இதை வகுத்தவர் இப்படிச் சொல்லியிருக்கிறார், அம்மா. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். என் கையை விடாமல் பிடி, பார்ப்போம்."

எனக்கும் அந்த வாசகருக்கு ஒரு கடிதம் பாக்கியிருக்கிறது.