ஊழும் மண்சரிவும்

மலை சரிந்து மக்கள் மடியும்போது அதை ஊழ் என்பதா, அநீதி என்பதா? மலையக வாழ்வு எழுப்பும் அறக்கேள்வி இது. மலையக ஊரான கினிகத்தேனை, இலங்கையில் மிக அதிக மழை பெறும் மேற்குச் சரிவில் உள்ளது. மழை இயற்கை தருவது. மண்ணின் பலவீனத்தில் மனிதர் கையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1867க்குப் பின் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. மண்ணைப் பிடித்திருந்த ஆழ்வேர்கள் அகன்றன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் தோட்ட நிர்வாகம் காட்டிய இடத்திலேயே எழுந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கும் காணியும் இல்லாதவர், பாதுகாப்பான இடம் கேட்கும் வலிமையையும் இழந்தனர்.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே அங்கு ஆபத்து இருப்பதாக எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிந்தும் தடுக்காத அழிவை ஊழின்மேல் சுமத்த இயலாது.

திருக்குறள் ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் தந்து, விடாமுயற்சியாகிய ஆள்வினையுடைமைக்கும் தனி அதிகாரம் வகுத்தது. வினைக் கோட்பாடு செயலுக்குச் செய்தவரையே பொறுப்பாக்குகிறது. துன்புற்றவரைக் குற்றவாளியாக்க அதைப் பயன்படுத்துவது பிழை. காடழித்து இலாபம் பெற்றோரும், காணியுரிமை வழங்கத் தவறிய அரசுகளும் கடன்பட்டவர்கள். பாதுகாப்பான நிலமும் சொந்த வீடும் வழங்குவது அந்தக் கடனின் முதற்பகுதி.