தாயைக் கேட்காத கருணை

லண்டனின் கிழக்குப் புறநகரான பார்க்கிங்சைட் 1870களில் எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம். கிறிஸ்தவ ஊழியத்துக்காகச் சீனா போக நினைத்து, டப்ளினிலிருந்து மருத்துவம் படிக்க லண்டன் வந்த தாமஸ் பர்னார்டோ, கிழக்கு லண்டன் தெருக்களில் தூங்கிய பிள்ளைகளைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். திருமணமான பிறகு, 1873இல், பார்க்கிங்சைடில் பெண்பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அறுபது சிறுமிகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்ததில் அது குடும்பமாகாது என்று புரிந்தது. புல்வெளியைச் சுற்றிச் சிறு வீடுகள் கட்டினார். வீட்டுக்கு ஒரு 'அம்மா', அவர் பொறுப்பில் சில சிறுமிகள். 1876இல் திறந்த இந்தக் கிராமம் பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் வாழும் இடமாக வளர்ந்தது. பெரிய கொட்டடிகளில் ஏழைப் பிள்ளைகளை அடைத்து வைத்த காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மறுப்பவர் வரலாற்றுக்கு நியாயம் செய்யாதவர்.

ஆனால் அங்கே வந்த பிள்ளைகள் எல்லாரும் அனாதைகள் அல்லர். பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வாடகை கட்ட முடியாத விதவையும், நோயில் விழுந்து வேலை இழந்தவரும்தான் பெரும்பாலும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்படி விட்டபோது பிள்ளையின் மீதான உரிமையையும் விட்டுவிட்டார்களா? பர்னார்டோ அப்படித்தான் எண்ணினார். பெற்றோரைத் தகுதியற்றவர் என்று தாமே தீர்மானித்து, அவர்கள் சம்மதமின்றிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டதுண்டு. அதை 'அறச்செயலான கடத்தல்' என்று தாமே அழைத்து, எழுத்தில் நியாயப்படுத்தவும் செய்தார்.

இந்த மனப்போக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு, பர்னார்டோ மீதான குற்றச்சாட்டுகள் குறித்து 1877இல் நடுவர்கள் நடத்திய விசாரணை ஒரு தடயம் தருகிறது. இல்லத்தில் சேருமுன் கந்தலில் ஒரு படம், சேர்ந்தபின் சுத்தமான உடையில் ஒரு படம். இந்த இரட்டைப் படங்களை அச்சடித்து விற்று நன்கொடை திரட்டினார்கள். தெருவில் எதையும் விற்றிராத சிறுமியைத் தெரு விற்பனைக்காரியாக நிறுத்தி எடுத்த படமும் அவற்றில் இருந்தது. நடுவர்கள் பர்னார்டோவைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் இந்தப் படங்களைத் தவறென்று கண்டித்தார்கள்.

கண்டனத்துக்குரியது பொய் மட்டுமல்ல. முதல் படத்தில் பிள்ளை தனியாக நிற்கிறது. பக்கத்தில் தாய் இல்லை. தாய் இருந்திருந்தால் பார்ப்பவர் மனத்தில் வேறொரு கேள்வி எழும்: இவளுக்கே வாடகைப் பணம் கொடுத்தால் என்ன? அந்தக் கேள்விக்கு நன்கொடைப் பெட்டியில் இடமில்லை. யாருமற்ற பிள்ளைக்குக் காசு விழுந்தது; ஏழைத் தாயோடு இருக்கும் பிள்ளைக்கு விழவில்லை. தொண்டு நிறுவனம் நன்கொடையாளருக்குச் சொல்லும் கதையே நாளடைவில் அதன் நடைமுறையாகிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பிரிவு கடல் தாண்டியும் போனது. துணிமணியும் பைபிளும் வைத்த பெட்டியோடு பர்னார்டோ இல்லங்களிலிருந்து கனடா சென்ற பிள்ளைகள் சுமார் 30,000 பேர். நல்ல வீடு கிடைத்தவர்களும் உண்டு, பண்ணைகளில் கூலியாட்களாக உழைத்தவர்களும் உண்டு. தன் மகனைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்த ஒரு தாய்க்கு, அவன் கனடா போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்பதே பதிலாகக் கிடைத்தது. அவ்வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. பிள்ளைகளைக் கடல் கடத்தியதற்காக 2010இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார்.

அன்றிருந்த வறுமையைப் பார்த்தால் வேறு வழியில்லை என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அடிபட்டுச் சாகும் நிலையிலிருந்த பிள்ளையை அனுமதிக்குக் காத்திராமல் தூக்கிவந்தவரைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. அந்த அவசரம் தீர்ந்த பிறகும் முடிவை அவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டதுதான் தவறு. சோறு போடுபவரும் பெற்றவள் தகுதியற்றவள் என்று தீர்ப்பளிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. 1891இல் வந்த குழந்தைகள் பாதுகாவல் சட்டம், தகுதியற்ற பெற்றோரிடம் பிள்ளையைத் திருப்பித் தர மறுக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வழங்கியது. பர்னார்டோவின் வழக்குகளே அதற்குக் காரணம். அவர் அந்தச் சட்டத்தை வரவேற்றார். ஆனால் பிள்ளையை விட்டுப்போன ஏழைத் தாய்மாரில் நீதிமன்றப் படியேறும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்பதைச் சட்டமும் கேட்கவில்லை, பார்க்கிங்சைடும் கேட்கவில்லை.